கொக்கு இறகில் பார உலோகம்: இறகு மட்டும் போதுமோ, ஈரலும் வேணுமோ?

நண்டுக்கால் எழுதியது:

வணக்கம் அண்ணைமார், அக்காமார். கடைசி வருஷ ஆய்வுக்கு யாழ்ப்பாணக் கடனீரேரிப் பக்கத்து நீர்ப்பறவைகளின் இழையங்களில் ஈயம், கட்மியம், பாதரசம் மூன்றும் பார்க்க நினைத்திருக்கிறேன். கையில் உள்ளது இவ்வளவுதான். கல்லுண்டாய் வெளியிலும் அரியாலைப் பக்கமும் கொக்குகள் அடையும் மரங்களுக்குக் கீழே பொறுக்கிய நாற்பது இறகு. செத்துக் கிடந்து எடுத்த மூன்று பறவை, அதில் இரண்டு சின்ன வெள்ளைக்கொக்கு, ஒன்று ஊசிவால் தாரா. மூன்றும் ஆழ்குளிரில் இருக்கின்றன. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி மேற்பார்வையாளர் பேரில் உண்டு.

லாப்பில் சுவாலை ஏ.ஏ.எஸ். (கரைசலைச் சுவாலைக்குள் விட்டு உலோகம் அளக்கும் கருவி) ஒன்றும் சூட்டுத்தட்டும்தான். இழையத்தை அமிலத்தில் கரைக்கும் மைக்ரோவேவ் செரிப்பான் இல்லை. கொழும்புக்கு ஐ.சி.பி.-எம்.எஸ். (மிகச் சிறிய அளவையும் காணும் கருவி) செய்ய அனுப்பினால் மாதிரிக்கு இவ்வளவு என்று காசு கட்ட வேணும், அதனால் எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்கிறேன். இறகு மட்டும் செய்தால் போதுமோ? எப்படிக் கழுவுவது? வந்த இலக்கத்தை எதோடு ஒப்பிடுவது? மீனுக்குள்ள உணவுத்தர எல்லையோடு ஒப்பிடச் சொல்லி ஒருவர் சொன்னார், அது சரியோ என்று தெரியவில்லை.

உப்பாற்றங்கரை எழுதியது:

தங்கச்சி, இறகு போதுமோ என்று கேட்கமுதல் எந்த உலோகத்துக்கு என்று கேட்க வேணும். பாதரசத்துக்கு இறகு நல்ல மாதிரி. ஈயத்துக்கு, நிலத்தில் பொறுக்கிய இறகை நம்பிப் பெரிதாக ஒன்றும் எழுத ஏலாது. கட்மியத்துக்கு இறகு கிட்டத்தட்ட வீண்வேலை, சிறுநீரகத்தைத்தான் எடுக்க வேணும்.

இறகு முளைத்து வளரும் சில கிழமைகளில் மட்டும்தான் அதற்குள் இரத்தம் ஓடும். அந்த நேரத்தில் இரத்தத்தில் உள்ள மீதைல் பாதரசம் இறகின் புரதமான கெரற்றினில் இருக்கும் கந்தகக் கூட்டங்களைப் பிடித்துக்கொள்ளும். வளர்ந்து முடிந்ததும் இரத்த ஓட்டம் அறுந்துபோகும், உள்ளே போனது அப்படியே பூட்டுப்பட்டுக் கிடக்கும். வெயிலோ மழையோ கழுவலோ அதை இலேசில் எடுக்காது. உடம்பிலுள்ள பாதரசத்தின் பெரும்பங்கு இப்படி இறகுக்குள்தான் போய்ச் சேரும், இறகுதிர்ப்பு அந்தப் பறவைக்கு ஒரு கழிவுவழி. சுவீடனில் நூதனசாலையில் கிடந்த பழைய வேட்டைப்பறவை இறகுகளை 1960களில் அளந்து, 1940க்குப் பிறகு விதைக்குப் பூசிய பாதரச மருந்து பறவைக்குள் ஏறியதைக் காட்ட முடிந்தது இந்தப் பூட்டினால்தான்.

ஈயத்தின் கதை வேறு. உள்ளிருந்து வந்த ஈயத்தோடு, புழுதியாகவும் புகையாகவும் வெளியிலிருந்து படிந்த ஈயமும் இறகில் இருக்கும். பறவை அலகால் எண்ணெய் பூசிக் கோதும்போது அது இன்னும் ஒட்டும். கல்லுண்டாய்க் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் பொறுக்கிய இறகில் ஈயம் கூட வந்தால், நீங்கள் அளந்தது கொக்கையா புழுதியையா என்று தேர்வாளர் கேட்பார். பதில் இராது.

உங்கள் நாற்பது இறகிலும் எனக்கு வேறு இரண்டு சந்தேகம். சின்ன வெள்ளைக்கொக்கும் உண்ணிக்கொக்கும் ஒரே மரத்தில் அடையும், இரண்டின் உடல் இறகும் வெள்ளை. ஒன்று கடனீரேரியில் மீனும் இறாலும் பிடிக்கும். மற்றது மாட்டின் காலடியிலும் குப்பைமேட்டிலும் பூச்சி பொறுக்கும். உணவுச் சங்கிலியில் இரண்டும் வேறு படி, கலந்தால் சராசரிக்கு அர்த்தமில்லை. மற்றது, நாற்பது இறகு நாற்பது பறவை அல்ல. ஏழெட்டுப் பறவை உதிர்த்ததாகவும் இருக்கலாம். ஒரே பறவையிலும் முதலில் முளைத்த சிறகிறகில் பாதரசம் கூடவும் கடைசியில் முளைத்ததில் குறையவும் இருக்கும், ஏனென்றால் முளைக்க முளைக்க உடம்பின் இருப்பு இறங்கிக்கொண்டு போகும். அந்த நாற்பதையும் முறை பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கோ. முடிவுக்கு, செத்த மூன்றின் நெஞ்சிறகை எடுங்கோ. அதே பறவையின் ஈரல், சிறுநீரகம், இறகு மூன்றையும் சோடி சேர்த்துப் பார்ப்பது உங்கள் கையிலுள்ள பொருளுக்கு நல்ல ஆய்வு.

கடனீரேரியைப் பற்றியே சொல்ல வேணும் என்றால் குஞ்சுகளின் இறகுதான் சரி. கூட்டில் இருக்கும் கொக்குக் குஞ்சு தின்றதெல்லாம் தாய் தகப்பன் சுற்றுவட்டாரத்தில் பிடித்தது. மூன்று நாலு கிழமைக் குஞ்சின் முதுகில் ஐந்தாறு உடலிறகு போதும். ஆனால் அதற்கு வேறு அனுமதி வேணும், உங்களிடம் உள்ள கடிதத்தில் செத்த பறவை என்றுதான் இருக்கும், வாசித்துப் பாருங்கோ. போனாலும் காலை வெயில் ஏறமுதல் போய்ப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இறங்கிவிட வேணும். தாய் விலகியதும் காகம் வந்து நிற்கும்.

ஊசிவால் தாராவைக் கொக்கோடு சேர்க்காதேங்கோ. அது மாரிக்கு வந்து போகும் விருந்தாளி. அதன் பறக்கும் இறகு முளைத்தது வடக்கே, அந்த இறகு சொல்வது சைபீரியாப் பக்கத்துச் சேதி. அதன் ஈரல் மட்டும்தான் கடைசிச் சில கிழமைகளைச் சொல்லும்.

வெட்டமுதல் மூன்றையும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கோ, மிருக வைத்தியரிடம் கேட்டால் முடியும். சுடப்பட்ட பறவை என்றால் சன்னத்தின் கண்ணுக்குத் தெரியாத துகள் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் சிதறி இருக்கும். அப்படி வந்தால் ஈயக் கணக்கிலிருந்து அந்தப் பறவையை நீக்கத்தான் வேணும். தாராவுக்கு இன்னொரு வேலை உண்டு: கல்லும் மணலும் வைத்து இரையை அரைக்கும் அரைவைப்பையை வெட்டிக் கழுவி, உள்ளே இருப்பதை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கோ. தாரா கல் பொறுக்கும்போது ஈயச் சன்னத்தையும் வலையின் ஈயக்குண்டுத் துண்டையும் சேர்த்து விழுங்கும் பழக்கம் உள்ளது. கொக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பறவையின் நிறையையும் நெஞ்செலும்பின் இருபுறத்துத் தசையையும் (0 முதல் 3 வரை புள்ளி போட்டு) எழுதி வையுங்கோ. பட்டினி கிடந்து செத்ததில் ஈரல் சுருங்கிவிடும், உலோகம் கூடாமலேயே செறிவு கூடினதாகக் காட்டும். சிறுநீரகம் இடுப்பெலும்புக் குழிக்குள் முதுகோடு ஒட்டி மூன்று மடலாக இருக்கும், இழுத்தால் பிய்யும். பிளாஸ்ரிக் கரண்டியால் சுரண்டி எடுங்கோ. கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதேங்கோ, பறவைக் காய்ச்சல் ஞாபகம் இருக்கட்டும். இனிமேல் ஒரே இடத்தில் ஐந்தாறு பறவை சேர்ந்து செத்துக் கிடந்தால் எடுக்கவே வேண்டாம், திணைக்களத்துக்கும் மிருக வைத்தியருக்கும் அறிவியுங்கோ. பார உலோகம் இப்படிக் கூட்டமாக ஒரே நாளில் கொல்வது அரிது.

அமிலக்குவளை எழுதியது:

பறவை விஷயம் மேலே வந்துவிட்டது. லாப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் சுவாலை ஏ.ஏ.எஸ். எதைக் காணும் என்று கணக்குப் பாருங்கள். 0.25 கிராம் உலர் ஈரலைச் செரித்து 25 மி.லீ. ஆக்கினால் அது நூறு மடங்கு ஐதாக்கம். கருவி ஈயத்தை நம்பிக்கையாகக் காண லீற்றருக்கு 0.05 மி.கி. அளவாவது வேண்டும், அதாவது ஈரலில் கிலோவுக்கு 5 மி.கி. உலர்நிறைக்குக் கீழே எல்லாம் கருவியின் வெறும் தளம்பலுக்குள் மூழ்கிவிடும். சாதாரணப் பறவையின் ஈரல் ஈயம் அதற்குக் கீழேதான் இருக்கும். எல்லாப் பறவைக்கும் "கண்டறியப்படவில்லை" என்று எழுதிவிட்டு மாசு இல்லை என்று முடிவு கட்டும் ஆய்வுகள் இப்படித்தான் பிறக்கின்றன. சிறுநீரகத்தில் கட்மியம் கூட இருந்தால் சுவாலையில் பிடிபடலாம். செப்பும் நாகமும் (துத்தநாகம்) தாராளமாகப் பிடிபடும், ஆனால் அவை இரண்டையும் பறவையின் உடம்பு தானே கட்டுப்படுத்தி வைத்திருக்கும், மாசைக் காட்ட உதவாது. ஆகவே ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் காரீய (கிராபைற்) உலை ஏ.ஏ.எஸ். அல்லது ஐ.சி.பி.-எம்.எஸ். எங்கே கிடைக்குமோ அங்கே அனுப்புங்கள். செரிப்பை இங்கேயே செய்து கரைசலாக அனுப்பினால் செலவு குறையும்.

பாதரசத்தை இந்த வழியில் விடாதீர்கள். திறந்த சூட்டுத்தட்டில் அது ஆவியாகிப் போய்விடும். இறகையும் ஈரலையும் செரிக்காமல் நேரே எரித்து அளக்கும் பாதரசப் பகுப்பான் இருக்கும் இடம் தேடுங்கள், 20 முதல் 50 மி.கி. பொடி போதும். ஐ.சி.பி.-எம்.எஸ். தான் என்றால் மூடிய கலத்தில் செரித்து, கரைசலில் கொஞ்சம் பொன் அல்லது ஐதரோகுளோரிக்கமிலம் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாதரசம் பிளாஸ்ரிக் சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரியில் வந்து இறங்கும்.

பாத்திரம், போத்தல், குழாய் எல்லாம் 10 வீத நைத்திரிக்கமிலத்தில் ஒரு இரவு ஊறப்போட்டு அயனீக்கிய நீரில் மூன்று தரம் அலசுங்கள். மா பூசிய கையுறை வேண்டாம், அந்த மாவில் நாகம் இருக்கும். குரோமியம், நிக்கல் பார்ப்பதில்லை என்றால் உருக்குக் கத்தி பரவாயில்லை. போமலினில் போட்ட இழையத்தை இந்த வேலைக்குத் தொடாதீர்கள்.

இறகு கழுவல்: அடிக்குழாயை வெட்டி எறியுங்கள், காய்ந்த இரத்தக்கூழ் அதற்குள் இருக்கும். மிச்சத்தை அசற்றோன், அயனீக்கிய நீர், அசற்றோன் என்று மாறி மாறி மூன்று சுற்று, ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம் குலுக்கிக் கழுவுங்கள். கழியொலித் (அல்ட்ராசோனிக்) தொட்டி இருந்தால் அதில் வையுங்கள். தூசு தட்டாத இடத்தில் 40 பாகையில் காயவிடுங்கள். ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள்: பெரிய இறகு ஒன்றின் நடுத்தண்டின் இடப்பக்க இழையை வெட்டிக் கழுவியும், வலப்பக்க இழையைக் கழுவாமலும் தனித்தனியே அளவிடுங்கள். பாதரசம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக வரும். ஈயம் கழுவாத பக்கத்தில் ஏறி நிற்கும். அந்த இடைவெளி எவ்வளவு என்று காட்டினாலே உங்கள் அறிக்கைக்கு ஒரு பந்தி கிடைத்துவிடும்.

ஈரலில் எல்லாப் பறவையிலும் ஒரே மடலை எடுங்கள். ஈரநிறையை உடனே எழுதுங்கள், உருகிய நீர் வடியமுதல். உறைநிலை உலர்த்தி இல்லை என்றால் 60 பாகையில் நிறை மாறாமல் வரும்வரை காயவைக்கலாம், பாதரசத்துக்குரிய பங்கை 40 பாகைக்கு மேல் விடாமல். ஈரநிறை, உலர்நிறை இரண்டும் இல்லாத தாளை நான் என்றால் திருப்பி அனுப்புவேன்.

செரிப்பு இப்படி: 0.25 கிராம் பொடிக்கு 69 வீத நைத்திரிக்கமிலம் 5 மி.லீ. விட்டு, மணிக்கூட்டுக் கண்ணாடியால் மூடி, புகைக்கூண்டுக்குள் ஒரு இரவு குளிரில் விடுங்கள். இந்த இரவை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் இறகும் கொழுத்த ஈரலும் சூடேறியதும் பொங்கி வெளியே வந்துவிடும். அடுத்த நாள் 60 பாகையில் ஒரு மணித்தியாலம், பிறகு 95 பாகையில் மூன்று மணித்தியாலம். மண்ணிறப் புகை வருவது நின்றுபோக வேண்டும். ஆறவிட்டு, நன்றாக ஆறவிட்டு, 30 வீத ஐதரசன் பரவொட்சைட்டு 1 மி.லீ. துளித்துளியாக விடுங்கள். சூட்டோடு விட்டால் சீறும். திரும்ப ஒரு மணித்தியாலம் 90 பாகை. எந்த இடத்திலும் வற்றவிடக் கூடாது. மேலே மஞ்சள் கொழுப்புப் படலம் மிதந்தால் செரிப்பு முடியவில்லை, இன்னும் 2 மி.லீ. அமிலம் விட்டுத் தொடருங்கள். சில பழைய செய்முறைகளில் பரகுளோரிக்கமிலம் எழுதியிருக்கும். கொழுப்போடு சேர்ந்து வெடிக்கும், அதற்கென்று கழுவும் வசதியுள்ள புகைக்கூண்டு வேண்டும், உங்களுக்கு அது வேண்டாம். ஆறினதை 25 மி.லீ. கனமானக் குடுவையில் நிரப்புங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி போடாத வெற்றுக் குழாய் மூன்று, சான்றுபெற்ற ஒப்பீட்டுப் பொருள் ஒன்று, ஏதாவது ஒரு மாதிரி இரண்டுதரம். ஈரலுக்குக் கனடாவின் டோல்ற் வரிசைச் சுறா ஈரல் பொடி பொருத்தம். இறகுக்குச் சான்றுபெற்ற மனித முடிப் பொடியைப் பாவிப்பார்கள், அதுவும் கெரற்றின்தான். மீட்பு (சான்றில் உள்ள அளவில் நீங்கள் கண்டது எத்தனை வீதம் என்பது) 85 முதல் 115 வீதத்துக்குள் வராவிட்டால் மாதிரி இலக்கங்களைப் பார்க்கவே வேண்டாம். வெற்றுக் குழாயில் நாகமோ ஈயமோ ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அமிலப்போத்தலையும் வடிதாளையும். வடிதாளை விட்டுவிட்டு ஒரு இரவு அடையவிட்டு மேலே உள்ளதை எடுங்கள்.

கொழும்புக்கு ஐ.சி.பி.-எம்.எஸ். அனுப்பும்போது ஆசனிக்கும் சேர்த்துக் கேட்பீர்கள் என்றால், இது உப்புநீர்ப் பறவை என்று எழுதி அனுப்புங்கள். குளோரைட்டு, கருவியின் ஆகனோடு சேர்ந்து 75 என்ற அதே நிறையில் வந்து நிற்கும், இந்தக் குழப்பத்தை நீக்கும் மோதல் கலம் போடாவிட்டால் இல்லாத ஆசனிக்குத் தெரியும்.

நண்டுக்கால் எழுதியது:

கனக்க நன்றி. கட்மியத்துக்கு ஏன் சிறுநீரகம் என்று மட்டும் விளங்கவில்லை. ஈரலிலும் சேரும் என்றுதானே படித்தோம்? மற்றது ஒப்பீட்டு இலக்கம் ஒருவரும் சொல்லவில்லையே.

தரவுப்பெட்டி எழுதியது:

கட்மியம் முதலில் ஈரலுக்குத்தான் போகும். அங்கே மெற்றலோதயோனின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குக் கொண்டுபோகும். அங்கே வடிபட்டு, குழாய்க் கலங்கள் திரும்ப உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெளியே போவது சொற்பம். அதனால் வயதோடு ஏறிக்கொண்டே போகும், வயது போன கொக்கையும் இந்த வருஷத்துக் கொக்கையும் ஒரே நிரலில் போடக் கூடாது. சிறுநீரகம் ஈரலைவிடக் கனக்கக் கூட என்றால் நெடுநாள் சிறுகச் சிறுகச் சேர்ந்தது, ஈரல் கூட என்றால் கிட்டடியில் ஒரேயடியாக வந்தது என்று பார்க்கலாம். ஈயத்துக்கு அந்த நெடுநாள் இடம் எலும்பு. முட்டையிடும் பேடு கல்சியத்துக்காக எலும்பைக் கரைக்கும்போது பழைய ஈயமும் இரத்தத்துக்குத் திரும்ப வரும். ஆகவே ஆண் பெண் குறித்துக்கொள்ளுங்கள், வெட்டும்போது சூலகம் தெரியும்.

மீன் எல்லையை விட்டுவிடுங்கள். மீன் தசையில் ஈயம் கிலோவுக்கு 0.3 மி.கி. என்று ஐரோப்பாவில் வைத்திருப்பது தின்னும் மனிசனுக்காக. கொக்குக்கு நோய் வருமா என்று அது சொல்லாது. பறவைக்குப் பொதுவாகப் பாவிக்கும் இலக்கங்கள்: ஈரலில் ஈயம், ஈரநிறையில் கிலோவுக்கு 2 மி.கி.க்குக் கீழே பின்னணி அளவு, 2 முதல் 6 வரை வெளியே தெரியாத பாதிப்பு, 6க்கு மேல் நோய்க்குறி, 10 தாண்டினால் கடுமை. இவை பெரும்பாலும் தாரா இனங்களில் பார்த்து வைத்தவை, கொக்குக்கு எழுதும்போது அதைச் சொல்லிவிட்டு எழுதுங்கள். இறகில் பாதரசம் கிலோவுக்கு 5 மி.கி. தாண்டினால் முட்டை பொரிப்பில் பாதிப்பு வரக்கூடும் என்று எடுப்பது வழக்கம். சிறுநீரகத்தில் கட்மியத்துக்கு ஈரநிறையில் கிலோவுக்கு 100 மி.கி. என்ற பெரிய இலக்கம் புழக்கத்தில் உண்டு, அதற்குக் கிட்ட நீங்கள் போகமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கனபேர் சறுக்கும் இடம் உலர்நிறையும் ஈரநிறையும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கருவி சொன்னது லீற்றருக்கு 12 மைக்ரோகிராம். கரைசல் 25 மி.லீ., அப்போ அதற்குள் மொத்தம் 0.3 மைக்ரோகிராம். எடுத்த உலர்பொடி 0.25 கிராம், ஆகவே கிலோவுக்கு 1.2 மி.கி. உலர்நிறை. ஈரலில் நீர் 72 வீதம் என்று நீங்கள் நிறுத்திருந்தால் 1.2 ஐ 0.28 ஆல் பெருக்க 0.34 மி.கி. ஈரநிறை. இந்தப் பெருக்கலைச் செய்யாமல், உலர்நிறை 6.5 வந்த பறவையை நோய்க்குறி வகுப்பில் போட்டால் அது தப்பு. அது ஈரநிறையில் 2க்குக் கீழே நிற்கும் பறவை. வெயிலில் கிடந்து காய்ந்த உடலுக்கு நீர்வீதமே பிழைக்கும், அங்கே உலர்நிறையை மட்டும் எழுதி அப்படி எழுதியதற்குக் காரணத்தையும் எழுதுங்கள்.

மூன்று பறவைக்குச் சராசரியும் நியமவிலகலும் போட்டு முக்கியத்துவச் சோதனை செய்யாதீர்கள். அட்டவணையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே கொடுங்கள், காணும் எல்லையையும் (கருவி நம்பிக்கையாகக் காணும் மிகக் குறைந்த அளவு) பக்கத்தில் எழுதுங்கள். எல்லைக்குக் கீழே வந்ததற்குச் சைபர் போடுவதும் சரியில்லை, அரைவாசி போட்டுச் சராசரி எடுப்பதும் மூன்றில் இரண்டு அப்படி என்றால் சரியில்லை.

இன்னொரு எச்சரிக்கை. ஈயம் கூட வந்ததும் போர்க்காலச் சன்னம் என்று எழுத எல்லாருக்கும் கை துடிக்கும். இங்கே சுண்ணாம்புக்கல் மண். காரமான மண்ணில் ஈயம் காபனேற்றாகி அசையாமல் கிடக்கத்தான் பார்க்கும், கரைந்து மீனுக்கு ஏறுவது இலேசில்லை. பழைய பற்றரி, பெயின்ற், வலைக்குண்டு எல்லாம் அதே உலோகம்தான். மூலத்தைச் சொல்ல ஈயச் சமதானி (வேறு வேறு நிறையுள்ள ஈய அணுக்கள்) விகிதம் வேண்டும். அது இல்லாமல் செறிவை மட்டும் சொல்லி நிறுத்துங்கள்.

நண்டுக்கால் எழுதியது:

தாராவின் அரைவைப்பையை இன்றைக்கு வெட்டினோம். மணலோடு கறுப்புச் சாம்பல் நிறத்தில் பயற்றம் பருப்பளவு தட்டையான மூன்று துண்டு. காந்தத்தில் ஒட்டவில்லை. உள் தோல் பச்சையாக இருந்தது. எக்ஸ்ரே இன்னும் எடுக்கவில்லை, பிந்திவிட்டதோ?

உப்பாற்றங்கரை எழுதியது:

பிந்தவில்லை, மிச்ச உடலை இப்பவும் எடுக்கலாம். இறைச்சிக்குள் வேறு சன்னம் இருக்கிறதா என்று அது சொல்லும்.

துண்டு ஒன்றை வெள்ளைத் தாளில் அழுத்திக் கீறுங்கோ. ஈயம் என்றால் பென்சில் மாதிரிச் சாம்பல் கோடு விழும், நகத்தால் அமத்தினால் பள்ளமும் விழும். சுட்டு உள்ளே போன சன்னம் உருண்டையாகவோ நசுங்கியோ இருக்கும், பையின் சுவரில் ஓட்டை இருக்கும், அந்த ஓட்டை வழியே இறகுத் துணுக்கும் உள்ளே போயிருக்கும். விழுங்கிய சன்னம் கல்லோடு அரைபட்டு அப்பளம் மாதிரித் தட்டையாகி ஓரம் மெலிந்துவிடும். நீங்கள் சொல்வது இரண்டாவது மாதிரித்தான் இருக்கிறது. உள் தோலின் பச்சை பித்தம், ஈயம் ஏறிய தாராவில் அடிக்கடி காண்பது. கழிவிடத்து இறகும் பச்சைக் கறையோ, மேல்வயிறு இரை அடைத்து வீங்கியிருந்ததோ என்று பார்த்து எழுதுங்கோ. ஆனால் பச்சை பட்டினியிலும் வரும், ஈரல் இலக்கம் வரும்வரை ஈயநஞ்சு என்று எழுத வேண்டாம்.

மூன்றையும் கழுவிக் காயவைத்து நாலாம் தசமம் வரை நிறுத்து, படமெடுத்து, தனித்தனிச் சின்னக் குப்பியில் போடுங்கோ. கொக்கு மாதிரிகள் வைத்த பெட்டிக்குள் வைக்காதேங்கோ. பை வெட்டிய கத்தியால் ஈரலை வெட்டியிருந்தால் அந்த ஈரலின் வெளிப்பக்கத்தை அரை சென்ரிமீற்றர் சீவி எறிந்துவிட்டு, புதுக் கத்தியால் நடுவிலிருந்து எடுங்கோ.